தொண்டுக்கு வேண்டியது ஜெபமா? கொதிநீரா?

மதத்தைப் பற்றியும் கடவுளைப் பற்றியும் நாம் பேசும் போதெல்லாம் நமது நண்பர்களில் சிலர் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்டு வருகின்றார்கள். "நீங்கள் சொல்லும் புராணப் புரட்டும் உண்மை, கோயில் கொள்ளையும் உண்மை. ஆனால் கிறிஸ்தவப் பாதிரிமாரையும் கன்னியாஸ்திரீகளையும் பாருங்கள். ஊரையும் உறவையும் விட்டு, கல்யாணம் காட்சி இல்லாமல், ஆப்பிரிக்காக் காட்டிலே போய், காய்ச்சலிலும் கொசுக்கடியிலும் கிடந்து ஏழைகளுக்குத் தொண்டு செய்கிறார்களே! கடவுள் நம்பிக்கை இல்லாமல் இது நடக்குமா?" என்பது அவர்கள் கேள்வி.

கேள்வி நியாயமானதுதான். இதற்கு, "பாதிரிகள் எல்லோரும் வேஷக்காரர்கள்" என்று பதில் சொல்லிவிடுவது மிகவும் சுலபம். ஆனால் அது உண்மையுமாகாது, பதிலுமாகாது. வேஷக்காரனை நாம் கண்டித்தால், யோக்கியனைக் காட்டி மதம் தப்பித்துக் கொள்ளும். ஆதலால் யோக்கியர்களையே எடுத்துக் கொள்வோம். ஆப்பிரிக்காவிலே ஒரு கத்தோலிக்க மிஷன்; அங்கிருந்தவர்கள் நல்லவர்கள், சொந்த லாபம் தேடாதவர்கள், வருஷக்கணக்காக அங்கேயே வாழ்ந்து அந்தத் தொண்டிலேயே உயிரையும் விட்டவர்கள். இதையெல்லாம் முதலிலேயே ஒப்புக் கொண்டு விடுகிறோம். அதன் பிறகும் கேட்க வேண்டியது ஏதாவது பாக்கி இருக்கின்றதா என்று பார்ப்போம்.

யாம்புக்கு மிஷன்

ஆப்பிரிக்காவின் நடுவிலே கொங்கோ என்று ஒரு பெரிய நாடு. நாம் சொல்லப் போகும் சம்பவம் நடந்த 1976இல் அதற்கு ஸயர் என்று பெயர். இப்போது கொங்கோ ஜனநாயகக் குடியரசு என்று பெயர். அந்நாட்டின் வடபாகத்தில், கொங்கோ ஆற்றங்கரையிலுள்ள பும்பா என்னும் பட்டணத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில், மழைக்காட்டுக்கு நடுவே யாம்புக்கு என்னும் கிராமம் இருக்கின்றது. 1935இல் பெல்ஜிய தேசத்துக் கத்தோலிக்கர் அங்கு ஒரு மிஷன் ஏற்படுத்தினார்கள். கோயில், பாதிரிமார் வீடு, கன்னியாஸ்திரீ மடம், பள்ளிக்கூடம், 120 படுக்கையுள்ள ஆஸ்பத்திரி ஆகியவை அங்கு இருந்தன. சுற்று வட்டாரத்திலுள்ள சுமார் 60,000 ஜனங்களுக்கு அதுவே பெரிய ஆதாரம். வைத்திய வேலை பார்த்தவர்கள் 17 பேர். அந்த 17 பேரில் டாக்டர் என்று ஒருவர்கூடக் கிடையாது.

அங்கே கன்னியாஸ்திரீகளின் தினசரி வாழ்க்கை எப்படி நடந்தது? விடிந்ததும் ஜெபம், பூசை. பிறகு பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் வேலை. மாலையில் மறுபடியும் ஜெபம். சம்பளமில்லை; சொந்தச் சொத்தில்லை. காட்டு வழியாகப் பல மைல் நடந்து வந்தவர்கள் ஆஸ்பத்திரி வாசலிலே காத்துக் கிடப்பார்கள். இப்படி வெளி நோயாளிகளாக மட்டும் மாதம் 6,000 பேர் முதல் 12,000 பேர் வரை வந்து போனார்கள். அதாவது நாளொன்றுக்கு, கணக்குப் பார்த்தால், 200 பேர் முதல் 400 பேர் வரை. இத்தனை பேருக்கும் முகம் கோணாமல் வேலை செய்வது சாதாரண காரியமல்ல என்பதை யாரும் ஒப்புக் கொள்ளத்தான் வேண்டும்.

அந்த ஆஸ்பத்திரியில் அநேகமாக எல்லா மருந்தும் ஊசி மூலமாகவே செலுத்தப்பட்டது. காய்ச்சலுக்கு ஊசி, வலிக்கு ஊசி, பிள்ளைத்தாய்ச்சிகளுக்குத் தெம்புக்கென்று ஊசி. அதற்காகத் தினமும் காலையில் தாதிகளிடம் எண்ணிக் கொடுக்கப்பட்ட ஊசிக்குழல்கள் எத்தனை தெரியுமா? 5. வெளி நோயாளிகள், பிள்ளைத்தாய்ச்சிகள், உள்ளே படுத்திருப்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்து 5. ஒருவருக்குப் போட்ட ஊசியைச் சில சமயம் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிவிட்டு அடுத்தவருக்குப் போட்டார்கள். சில சமயம் அதுவுமில்லை. அன்றைய வேலை முடிந்த பிறகு, சில நாட்களில், அவை கொதிக்க வைக்கப்பட்டன.

இது நமது கற்பனையல்ல. மத விரோதிகள் கட்டிவிட்ட கதையுமல்ல. அவ்விடத்திற்கு நேரில் சென்று விசாரித்த சர்வதேச வைத்தியக் குழு, 1978இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் வெளியீட்டில் எழுதி வைத்திருக்கும் விவரம்.

அந்த ஒரு மாதம்

1976 ஆகஸ்டு 26ந் தேதி, மிஷன் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் ஒருவர் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். வயது 44. மலேரியாக் காய்ச்சல் என்று நினைத்து அவருக்குக் குளோரோகுயின் ஊசி போட்டார்கள். காய்ச்சல் தணிந்தது, செப்டம்பர் 1ந் தேதி திரும்பி வந்தது. பிறகு இரத்தப் போக்கு. 8ந் தேதி மரணம். அதற்குள் அதே ஆஸ்பத்திரியில் வேறு காரியங்களுக்காக ஊசி போட்டுக் கொண்டு வீடு திரும்பியவர்கள் ஒவ்வொருவராக அதே மாதிரி விழ ஆரம்பித்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் ஏராளமாக மாண்டார்கள். அவர்கள் நோயாளிகளே அல்ல; கர்ப்பம் நன்றாக இருக்கின்றதா என்று பார்த்துக் கொள்ள வந்தவர்கள். நோயில்லாமல் வந்தவர்கள் நோயை வாங்கிக் கொண்டு போனார்கள்.

நோய் ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர்களையும் விடவில்லை. 17 பேரில் 11 பேர் மாண்டார்கள். கன்னியாஸ்திரீகளும் மாண்டார்கள். சுமார் 4 வாரத்தில் ஆஸ்பத்திரியைத் திறந்து வைத்திருக்க ஆளில்லாமல் மூடினார்கள். நவம்பர் 5ந் தேதி கடைசி நோயாளி மாண்ட போது மொத்தக் கணக்கு: நோய் கண்டவர் 318, மாண்டவர் 280. 55 கிராமங்களில் சாவு. இன்று உலகமெல்லாம் எபோலா என்று பேசப்படும் நோய் இதுதான். அந்த ஊருக்குக் கெட்ட பெயர் வரக்கூடாதென்று அவ்வட்டாரத்து ஆறு ஒன்றின் பெயரை வைத்தார்கள்.

விசாரணைக் குழுவார் சொல்லும் இரண்டு விஷயங்களை வாசகர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். முதலாவது: நோய் வந்த வழி தெரிந்தவர்களில் 85 பேர் அந்த ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கொண்டவர்கள். அப்படி ஊசி மூலமாகவே நோய் வாங்கியவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. இரண்டாவது: நோய் அடங்கியதற்கு முக்கியமான காரணம் எது? ஜெபமா? மாதாவின் கிருபையா? அதுவொன்றுமில்லை. ஆஸ்பத்திரி மூடப்பட்டதுதான் முக்கிய காரணம்! தோழர்களே, இதைவிடத் துக்கமான ஒரு வாக்கியத்தை நாம் இதுவரை படித்ததில்லை. ஒரு ஊர் ஜனங்கள் பிழைக்க வேண்டுமானால் அவ்வூர் தரும ஆஸ்பத்திரியை மூட வேண்டியிருந்தது.

சொல்லப்படும் சமாதானங்கள்

இதற்கு நமது நண்பர்கள் சில சமாதானங்கள் சொல்லக்கூடும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"அது யாருக்கும் தெரியாத புது நோய், கன்னியாஸ்திரீகள் என்ன செய்வார்கள்?" என்பார்கள். நோய் புதிது என்பது வாஸ்தவம். அந்தக் கிருமியைத் தெரியவில்லையென்று நாம் யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் அழுக்கு ஊசி புதிதல்லவே! ஒருவர் இரத்தம் பட்ட ஊசியை இன்னொருவருக்குப் போட்டால் மஞ்சட்காமாலை தொற்றும் என்பதை வைத்திய உலகம் 1940களிலேயே அறிந்திருந்தது. அதற்கும் முன்னே, 1847இல், வியன்னா நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஸெம்மல்வைஸ் என்னும் டாக்டர் கண்டுபிடித்ததைப் பாருங்கள். அங்கே பிரசவத்திற்கு வந்த பெண்கள் காய்ச்சல் கண்டு கூட்டங் கூட்டமாகச் செத்துக் கொண்டிருந்தார்கள். சாகக் கிடப்பவர்களுக்கு அவஸ்தை பூசப் பாதிரியார் மணி அடித்துக் கொண்டு வருவார். அந்த மணிச் சத்தத்தின் பயத்தினால்தான் மற்றப் பெண்களும் சாகிறார்களோ என்று ஒரு சந்தேகம் இருந்தது. ஸெம்மல்வைஸ் சந்தேகத்தோடு நிற்கவில்லை. மணியை நிறுத்தி, வேறு வழியாகப் பாதிரியாரை வரச் செய்து சோதித்துப் பார்த்தார். சாவு குறையவில்லை. பிறகு பிணம் அறுத்த கையைக் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கழுவிவிட்டுப் பிரசவம் பார்க்கச் சொன்னார். சாவு மளமளவென்று குறைந்தது. மணியால் சாவு வரவுமில்லை. மணியால் சாவு போகவுமில்லை. கையைக் கழுவியதால் போயிற்று. இது நடந்து 129 வருஷத்திற்குப் பிறகு யாம்புக்குவில் ஊசியை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிக் கொண்டிருந்தார்கள் என்றால், அதைக் "கர்த்தர் சித்தம்" என்று சொல்லித் தள்ளிவிட முடியுமா?

"ஏழை மிஷன், பணமில்லை" என்பார்கள். இதற்கும் அந்த அறிக்கையிலேயே பதில் இருக்கின்றது. அதே ஆஸ்பத்திரியில், அதே கூரையின் கீழ், அறுவை அறைக்கென்று தனியாக வேண்டிய அளவு ஊசிகள் இருந்தன. அவை ஒவ்வொரு தடவையும் நீராவியில் வைத்துச் சுத்தம் செய்யப்பட்டன. ஆகவே சுத்தம் செய்ய வேண்டுமென்ற அறிவு அந்தக் கட்டடத்திற்குள்ளேயே இருந்தது; சாமானும் இருந்தது. அந்த அறிவு அறுவை அறையின் வாசற்படியைத் தாண்டி வெளியே வராந்தாவில் நின்ற கூட்டத்திடம் வரவில்லை. அவ்வளவுதான். மழைக்காட்டில் தண்ணீருக்குப் பஞ்சமா? விறகுக்குப் பஞ்சமா? இன்னும் நாலைந்து டஜன் கண்ணாடி ஊசிக்குழலும், ஒரு பெரிய அண்டாவும், அடுப்பு பார்க்க ஒரு ஆளும் இருந்தால் தீர்ந்திருக்க வேண்டிய காரியம் இது. கொங்கோவில் ஒரு மிஷன் கோயிலிலாவது பூசைப் பாத்திரம் பற்றவில்லையென்று பூசையை நிறுத்தியதாக யாராவது கேள்விப்பட்டதுண்டா? எது குறையக் கூடாதோ அது குறையாமல் பார்த்துக் கொள்ள அவர்களுக்குத் தெரியும். ஊசி அந்த ஜாபிதாவில் சேரவில்லை என்பதே நாம் சொல்வது.

ஏழ்மைதான் காரணம் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதே வருஷங்களில், அதே ஆப்பிரிக்காவில், பெரியம்மையை ஒழிக்க அம்மை குத்துகிறவர்கள் கிராமம் கிராமமாக நடந்தார்கள். அவர்கள் வைத்திருந்த இரண்டு முனை ஊசியும் பல பேருக்குத் திரும்பத் திரும்ப உபயோகிக்கப்பட்டதுதான். ஆனால் கொதிக்க வைத்தோ நெருப்பில் காட்டியோ உபயோகிக்க வேண்டுமென்பது விதி. 1977இல் சோமாலியாவில் கண்ட நோயாளியே இயற்கையாகப் பெரியம்மை தொற்றிய கடைசி மனிதர். 1980இல் அந்நோய் உலகத்தைவிட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. காட்டுக்கு உங்கள் பகுத்தறிவு யாரை அனுப்பியது என்று கேட்டவர்களுக்கு இதுவே நமது பதில். அம்மை குத்தியவர்களில் கிறிஸ்தவரும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள், கடவுளை நினையாதவர்களும் இருந்தார்கள். ஊசி அவர்கள் மதத்தைக் கேட்கவில்லை. விதிப்படி கொதித்ததா என்பதே கேள்வியாயிருந்தது.

"அவர்கள் இல்லாவிட்டால் அந்தக் காட்டில் ஆஸ்பத்திரியே இருந்திராதே" என்பார்கள். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய சமாதானம். ஏன் இருந்திராது என்று நாம் கேட்கிறோம். கொங்கோவைப் பெல்ஜிய அரசன் லியோபோல்டு தன் சொந்தச் சொத்தைப் போல் ஆண்ட காலத்தில், 1906இல், ரோமாபுரியோடு ஒரு ஒப்பந்தம் செய்து கொண்டான். கத்தோலிக்க மிஷன்களுக்கு நிலம் கொடுப்பது. அவர்கள் பள்ளிக்கூடம் நடத்துவது என்பது ஒப்பந்தம். 1908இல் நாடு பெல்ஜிய சர்க்கார் கைக்குப் போன பிறகும் ஜனங்களின் படிப்பு பெரும்பாலும் மிஷன்கள் கையிலேயே இருந்தது. பலன் என்ன? 1917இல் கொங்கோ நாட்டுக் கறுப்பு மனிதர் ஒருவர் முதன் முதலாகப் பாதிரியாராகப் பட்டம் பெற்றார். 1956இல் ஒருவர் பிஷப்பாகவும் ஆனார். 1960இல் நாடு விடுதலையடைந்த போது அந்நாட்டுப் பாதிரிமார் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அந்நாட்டு டாக்டர்கள் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை! டாக்டருக்குக் கீழ்ப்படியில் உதவியாளர்களாக மட்டுமே கறுப்பு மனிதர் இருக்க முடிந்தது. லத்தீன் பாஷையும் வேத சாஸ்திரமும் கற்று 40 வருஷத்திற்கு மேல் பாதிரியாராக இருக்கக்கூடிய மூளை, உடம்பைப் பற்றிக் கற்று டாக்டராக இருக்க முடியாமற் போய்விட்டதா? பாதிரியாக வழி வைத்தார்கள்; டாக்டராக வழி வைக்கவில்லை. பிறகு, "நாங்கள் இல்லாவிட்டால் இவர்களுக்கு யார் கதி?" என்று கேட்டால், கதியில்லாமல் செய்ததில் தங்கள் பங்கு எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கணக்குச் சொல்ல வேண்டுமா வேண்டாமா? 1976இல் யாம்புக்குவில் டாக்டர் இல்லாதது திடீரென்று வானத்திலிருந்து விழுந்த விபத்தல்ல.

கயிறும் காவலும்

கடைசி நாட்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கு சென்ற குழுவில் பீட்டர் பியோட் என்னும் இளம் பெல்ஜிய டாக்டர் ஒருவர் இருந்தார். பின்னாளில் எய்ட்ஸ் நோயைப் பற்றிய ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்திற்குத் தலைவராயிருந்தவர். அவர் சொல்லியிருப்பது இது: மிஞ்சிய கன்னியாஸ்திரீகள் ஒரு வீட்டில் ஒதுங்கி, அதைச் சுற்றிக் கயிறு கட்டி, அதைத் தாண்டினால் சாவு என்று எழுதி மாட்டிவிட்டுச் சாவை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். கொள்ளை நோய் வந்தால் சுற்றிலும் ஒரு காவல் வளையம் ஏற்படுத்த வேண்டும் என்று எங்கோ படித்திருந்தார்கள். அந்த வளையம் என்பதைக் கயிறு என்றே எடுத்துக் கொண்டார்கள்.

இதைப் படித்து நமக்குச் சிரிப்பு வரவில்லை, மனம் வேதனைப்படுகின்றது. எழுத்தை மட்டும் பிடித்துக் கொண்டு காரணத்தை விசாரியாமல் வளர்க்கப்பட்ட மனம் ஆபத்து வந்த போது வேறென்ன செய்யும்? அதே சமயத்தில் சுற்றுக் கிராமங்களின் தலைவர்கள் சிலர், பெரியம்மைக் காலத்து அனுபவத்தை நினைவில் வைத்துக் கொண்டு, ஊர் வழிகளில் தடை போட்டு, வெளியூரார் வருவதை நிறுத்தி, நோயாளிகளைத் தனியே ஒதுக்கினார்கள். "அநாகரிகர்கள், அஞ்ஞானிகள்" என்று யாரைத் திருத்த மிஷன் போனதோ அவர்கள் செய்தது நிஜமான காவல். பட்டறிவிலிருந்து வந்த காரியம் அது.

அதற்காக, அந்தக் கிராமத்தார் பழக்கமெல்லாம் சரியென்று நாம் சொல்ல வரவில்லை. செத்தவர் உடம்பைச் சொந்தக்காரர்கள் கையாலே கழுவி அடக்கம் செய்யும் சடங்கினாலும் அந்த நோய் பரவிற்று. சடங்கு கறுப்பானாலும் வெள்ளையானாலும் சடங்குதான். எது உயிரைக் காத்ததோ அது அறிவு. எது உயிரை வாங்கிற்றோ அது மூடப்பழக்கம். நாம் நிறத்தைப் பார்த்துத் தராசு பிடிக்கிறவர்களல்ல.

பட்டம் யாருக்கு வேண்டும்?

யாம்புக்குவோடு இது தீர்ந்து போயிற்றா என்றால் அதுவுமில்லை. 1995இல் அதே கொங்கோவில் கிக்விட் என்னும் பட்டணத்தில் அதே நோய் மறுபடியும் வந்தது. 315 பேருக்கு நோய். பத்துப் பேரில் எட்டுப் பேர் சாவு. நோய் கண்டவர்களில் 80 பேர் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்தவர்கள். இத்தாலி தேசத்திலிருந்து வந்து அவ்வட்டாரத்தில் தொண்டு செய்து வந்த 6 கன்னியாஸ்திரீகளும் மாண்டார்கள். ஒருவருக்கு நோய் கண்டதும் மற்றவர் பக்கத்திலிருந்து பார்த்து, அவரும் விழுந்து, இப்படியே ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். கையுறையும் முகமூடியும் மேலங்கியும் வந்து, அவற்றை உபயோகிக்கக் கற்றுக் கொடுத்து, நோயாளிகளைத் தனியே பிரித்த பிறகுதான் அந்தச் சாவு நின்றது.

2021இல் ரோமாபுரியில் அந்த 6 பேருக்கும் "வணக்கத்துக்குரியவர்" என்ற பட்டம் கொடுத்தார்கள். அடுத்த பட்டம் வேண்டுமானால் அவர்களை வேண்டிக் கொண்டு ஒரு அற்புதம் நடந்ததாக நிரூபிக்க வேண்டுமாம்! அந்தப் பெண்களின் துணிவுக்கு நாமும் தலை வணங்குகிறோம். பயந்து ஓடாமல் பக்கத்திலிருந்தார்கள், மனிதத்தன்மை அது. ஆனால் செத்த பிறகு பட்டம் கட்டுவதற்குள்ள சிரத்தையில் பத்தில் ஒரு பங்கு அவர்கள் உயிரோடிருக்கும் போது கையுறை அனுப்புவதில் இருந்திருந்தால் என்று நாம் நினைக்காமல் இருக்க முடியவில்லை. தியாகிகளை உண்டாக்கிக் கொண்டே போவது மதத்திற்கு லாபம். தியாகம் செய்ய வேண்டிய அவசியமே இல்லாமற் செய்வது அறிவின் வேலை.

அந்த வேலையும் நடந்தே வருகின்றது. ஒரு தடவை போட்டால் மறு தடவை இழுக்க முடியாதபடி தானே பூட்டிக் கொள்ளும் ஊசிக்குழலைச் செய்தார்கள். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதற்கு இனி அதையே உபயோகிக்க வேண்டும் என்று 1999இல் உலக சுகாதார ஸ்தாபனமும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் ஸ்தாபனமும் சேர்ந்து கேட்டுக் கொண்டன. அந்த ஊசிக்குழலின் பெருமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அது நல்லவர் கையிலும் ஒன்றுதான். கெட்டவர் கையிலும் ஒன்றுதான். பக்தனும் அதை மறுபடி உபயோகிக்க முடியாது, நாஸ்திகனும் முடியாது. மனிதனுடைய நல்ல மனத்தை நம்பி இன்னொரு மனிதனுடைய உயிரை விடாதபடி செய்த சாமான் அது. 2019இல் எபோலாவுக்கே தடுப்பூசியும் அங்கீகாரம் பெற்றது. இவற்றில் எதுவும் கெபியில் காட்சியாகத் தோன்றி வந்ததல்ல; சோதித்து, தவறி, திருத்தி, மறுபடி சோதித்து மனிதர்கள் செய்தவை.

நாம் சொல்வது

ஆகவே, நண்பர்களின் கேள்விக்கு நமது பதில் இதுவே. கடவுள் நம்பிக்கை மனிதனைக் காட்டுக்கு அனுப்பக்கூடும், மறுக்கவில்லை. ஆனால் காட்டுக்குப் போன பிறகு காலையில் எத்தனை ஊசி எண்ணிக் கொடுக்க வேண்டும் என்பதை அது சொல்லாது. ஜெபம் செய்கிறவருக்கு மனச்சாந்தி கொடுக்கலாம்; எதிரே கையை நீட்டிக் கொண்டு நிற்கிற பிள்ளைத்தாய்ச்சிக்கு அதனால் ஒரு பாதுகாப்பும் இல்லை. இன்னும் சொல்லப்போனால், "நாங்கள் தருமம் செய்கிறோம், கர்த்தருக்காகச் செய்கிறோம்" என்ற நினைப்பே ஒரு ஆபத்து. சம்பளம் வாங்கி வேலை செய்கிறவனை, "ஏன் ஊசியைக் கொதிக்க வைக்கவில்லை?" என்று ஜனங்கள் கேட்க முடியும். தருமம் செய்கிற புண்ணியவதியை யார் கேட்பது? கேட்டால் நன்றி கெட்டவன் என்றல்லவா பெயர்! கணக்குக் கேட்க முடியாத தொண்டு, வாங்குகிறவனை அடிமையாக்குகின்றது, கொடுக்கிறவரையும் குருடாக்குகின்றது. யாம்புக்குவில் இருசாராரும் ஒரே நோயால் மாண்டார்கள்.

இந்த விஷயத்தில் நமது வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. கொங்கோவிலே நடந்தது, நமக்கென்ன என்று இருந்துவிட வேண்டாம். பட்டணமானாலும் கிராமமானாலும், ஊசி போட்டால்தான் வைத்தியம், மாத்திரை கொடுத்தால் டாக்டருக்குத் தெரியாது என்கிற எண்ணம் நம் ஜனங்களிடமும் இருக்கின்றது. ஒரு காலத்தில் தீர்த்தத்தையும் விபூதியையும் நம்பியதைப் போலவே இப்போது ஊசியை நம்பினால், தெய்வம் மாறிற்றே தவிரப் புத்தி மாறவில்லை என்றுதான் அர்த்தம். விஞ்ஞானத்தின் சாமானைக் கையில் வைத்துக் கொண்டு மூடநம்பிக்கையோடு வாழ்வது மிகவும் சுலபம். ஊசி அவசியந்தானா என்று கேளுங்கள். அவசியமென்றால், உறையைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

அதைப் போலவே, தரும ஆஸ்பத்திரிக்கென்றும் அநாதை விடுதிக்கென்றும் உங்களிடம் பணம் கேட்டு வருகிறவர்கள் சிலுவை போட்டிருந்தாலும், காவி கட்டியிருந்தாலும், பிறையைக் காட்டினாலும், ஏன், கறுப்புச் சட்டை போட்ட நமது தோழர்களாகவே இருந்தாலும், நாலு கேள்வி கேளுங்கள்: டாக்டர் இருக்கிறாரா? சாமான் போதுமா? சுத்தம் செய்கிற விதி என்ன, அதைச் சரி பார்க்கிறவர் யார்? உள்ளூர்ப் பிள்ளைகளில் எத்தனை பேரை இந்த வேலைக்குப் படிக்க வைத்திருக்கிறீர்கள்? இந்த நாலுக்கும் பதில் சொல்கிறவர் எந்த உடையில் இருந்தாலும் அவருக்குக் கொடுங்கள். பதில் சொல்லாமல் தமது தியாகத்தைப் பற்றியே பேசிக் கொண்டிருப்பவரைக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

யாம்புக்குவில் மாண்ட 280 பேரும் கடவுளை நம்பாததால் மாண்டவர்களல்ல. நோயை வாங்கிக் கொடுத்தவர்களும் கெட்ட எண்ணத்தால் கொடுத்தவர்களல்ல. நல்ல மனம் இருந்தது, நம்பிக்கை இருந்தது, ஜெபம் தவறாமல் நடந்தது. அடுப்பில் தண்ணீர் மட்டும் கொதிக்கவில்லை.